"லைசென்ஸ் வேண்டாம்னு சொல்லித்தான் வித்தாங்க"

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். என் கணவர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மூத்த பெண் கிருஷ்ணகிரியில் பிளஸ் ஒன் படிக்கிறாள், வயது 16. அவளுக்காகப் போன தை மாதம் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினோம். "25 கிலோமீட்டர் வேகம்தான் போகும், லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், ஹெல்மெட் எதுவும் வேண்டாம்" என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். மெதுவாகப் போகிறது என்று பெண் சொன்னதால் மெக்கானிக் ஒருவர் ஏதோ லாக்கை எடுத்துவிட்டார். இப்போது 45 வரை போகிறது. போன வாரம் தம்பியையும் ஒரு தோழியையும் ஏற்றிக்கொண்டு ஐந்து ரோடு ரவுண்டானா பக்கம் போனபோது போலீஸ் நிறுத்திவிட்டார்கள். எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். ஆனால், "அடுத்த தடவை கேஸ் போட்டால் உங்களைத்தான் உள்ளே வைக்கணும்" என்று என்னிடம் சொன்னார்கள். நிஜமாகவே பெற்றவர்களைப் பிடிப்பார்களா? இனி அவள் அந்த வண்டியை ஓட்டலாமா, கூடாதா? ஹைவேயில் போகலாமா? 16 வயதுக்கே லைசென்ஸ் உண்டு என்கிறார்களே, அதையாவது எடுக்கலாமா?

பதில்:

அம்மா, முதலில் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வண்டிச் சாவியை மகளிடமிருந்து வாங்கிப் பத்திரமாக வைத்துவிடுங்கள். கீழே நான் சொல்லும் சரிபார்ப்பெல்லாம் முடியும்வரை வண்டி வாசலைத் தாண்ட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் மீதியை உங்களிடம் விற்றிருக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் பேட்டரி வண்டிகளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் ஒன்று பரிசோதித்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட் போன்றவை அப்படிப்பட்ட நிறுவனங்கள். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் மட்டுமே அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம் ஆகாது. அப்போதுதான் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் கட்டாயமில்லை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது டி.வி.எஸ். மொபெட்டைப் போல, புல்லட்டைப் போல ஒரு மோட்டார் வாகனம்தான்.

கடைகளில் எல்லோரும் வேகத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். வாட்டைப் பற்றியோ சான்றிதழைப் பற்றியோ வாய் திறக்க மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு வண்டியின் பின்சக்கரத்தைத் துடைத்துப் பார்த்தேன். நடுவில் இருக்கும் மோட்டார் மூடியில் 1000 வாட் என்று பொறித்திருந்தது. விற்ற பில்லிலோ "லோ ஸ்பீடு, 250 வாட்" என்று எழுதியிருந்தார்கள். அந்த வண்டி ஒருநாள்கூட விலக்குக்குள் இருந்ததில்லை. வாங்கியவர் இரண்டு வருடம் அதைத் தெரியாமலே ஓட்டியிருக்கிறார். உங்கள் வண்டியின் பின்சக்கரத்தையும் ஈரத்துணியால் துடைத்து, மோட்டாரில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் அந்த "லாக்". சீட்டைத் தூக்கிப் பார்த்தால் கன்ட்ரோலர் என்று ஒரு அலுமினியப் பெட்டி இருக்கும். அதிலிருந்து வரும் ஒயர்களில் ஒன்றை வெட்டியோ கனெக்டரைப் பிரித்தோ விட்டு, மேலே கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். மெக்கானிக்குக் கொடுத்தது ஐந்நூறு ரூபாய் இருக்கும். அந்த டேப்பைச் சுற்றிய நிமிடத்தில், உங்கள் வண்டி அதுவரை சட்டப்படி சரியாக இருந்திருந்தாலும், அந்தச் சலுகை போய்விட்டது. இனி அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். அதை ஓட்டுவது லைசென்ஸ் இல்லாத சிறுமி. போலீஸ்காரர் உங்களிடம் சொன்னது மிரட்டல் இல்லை அம்மா. அவர் நினைத்திருந்தால் அன்றைக்கே செய்திருக்கலாம்.

எத்தனை பிரிவுகள் விழும் என்று சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த இல்லை, கணக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 5,000 ரூபாய். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்குத் தனியாக 5,000. பதிவு இல்லாததற்கு 5,000 வரை. இன்சூரன்ஸ் இல்லாததற்கு முதல் தடவை 2,000. ஹெல்மெட் இல்லாததற்கு 1,000, மூன்று பேர் போனதற்கு 1,000. வண்டியின் அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றியதற்கு உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை. இவற்றில் பெரும்பாலானவை 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது ஏறிய தொகைகள்.

ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரியது அதே சட்டத்தின் 199-ஏ பிரிவு. 18 வயது ஆகாத பிள்ளை மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி என்று அந்தப் பிரிவு சொல்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, கூடவே 25,000 ரூபாய் அபராதம். "எனக்குத் தெரியாது, நான் தடுத்தும் எடுத்துப் போய்விட்டாள்" என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் உங்கள் தலையில்தான். பிள்ளைக்காகவே வாங்கிய வண்டியில் அதை எப்படி நிரூபிப்பீர்கள்? இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை: அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. உங்கள் மகள் நாளைக்குக் கல்லூரி முடித்து ஓசூரிலோ பர்கூர் சிப்காட்டிலோ வேலைக்குப் போகும் வயதில், மற்ற பெண்கள் வண்டியில் போகும்போது இவள் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டியிருக்கும். நான் அபராதத்தைவிட இதற்குத்தான் அதிகம் கவலைப்படுகிறேன்.

16 வயது லைசென்ஸ் பற்றிக் கேட்டீர்கள். சட்டத்தில் அப்படி ஒன்று உண்டு, உண்மைதான். பெற்றோர் சம்மதத்துடன், 50 சிசிக்கு மிகாத எஞ்சின் உள்ள வண்டிக்கு. கியர் இல்லாத பழைய சின்ன மொபெட்டுகளை மனத்தில் வைத்து எழுதியது. அவை இப்போது கிட்டத்தட்ட மறைந்தே போய்விட்டன. பேட்டரி வண்டிக்கு சிசி என்ற கணக்கே கிடையாது. இந்த ஒரு வரியை நம்பி 45-இல் ஓடும் ஸ்கூட்டரைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பிறகு கோர்ட்டில் வாதாடலாம் என்று நினைக்காதீர்கள். நான் வாதாடுகிறவன், அதனால்தான் சொல்கிறேன். 18 ஆகட்டும்.

இப்போது பணத்தைவிட்டு, நடந்த ஒரு விஷயம் சொல்கிறேன். நான் பெரும்பாலும் நடத்துவது விபத்து இழப்பீட்டு வழக்குகள். சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டிக்காக ஆஜரானேன். காலையில் கூடையில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு தெரு ஓரமாக நடந்து போனவர். பின்னால் வந்த பேட்டரி வண்டி இடித்து இடுப்பெலும்பு முறிந்தது. ஓட்டியவன் பதினான்கு வயதுப் பையன். பாட்டி என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "சத்தமே வரலை சாமி. சத்தம் வந்திருந்தா ஒதுங்கியிருப்பேனே." பெட்ரோல் வண்டி என்றால் பத்தடிக்கு முன்பே காது சொல்லிவிடும். வயதானவர்கள் தெருவைக் கடப்பது பாதி காதை நம்பித்தான். பேட்டரி வண்டி ஓட்டுபவர் இதை மனத்தில் வைத்து, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வேகத்தைக் குறைத்து, ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போக வேண்டும். காவேரிப்பட்டணம் கடைத்தெருவில் காலை ஏழு மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. வழக்கமாக லாரியோ பைக்கோ இடித்தால் மூன்றாம் நபர் காப்பீடு இருக்கும். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால்கூட, பல வழக்குகளில் கம்பெனியே அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றம் சொல்லும். இங்கே அதற்கும் வழியில்லை. பையனின் அப்பா கூலி வேலை செய்பவர். கடைசியில் பேசி முடித்தோம். மூன்று ஆடுகளை விற்றுக் கொஞ்சம், மீதியை மாதாமாதம் என்று கட்டினார். என் கட்சிக்காரர் பாட்டிதான், அவருக்குப் பணம் வாங்கிக் கொடுப்பது என் கடமை. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் பையனின் அப்பா சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தபோது, இரண்டு குடும்பமும் ஒரு வண்டியால் கெட்டதே என்று எனக்குத் தாங்கவில்லை. "இன்சூரன்ஸ் வேண்டாம்" என்று கடையில் சொல்வதை ஏதோ லாபம் மாதிரி கேட்டுக்கொள்கிறோம். அடிபட்டவருக்கு யார் கொடுப்பது என்ற கேள்விக்கு உங்கள் வீட்டு முகவரிதான் பதில் என்று அதற்கு அர்த்தம்.

வேகத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 25-இல் போகும் வண்டி ஒரு நொடியில் ஏழு மீட்டர் போகும். 45-இல் பன்னிரண்டரை மீட்டர். நாய் குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு நொடி போய்விடும். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரம் மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிடும். அந்த மெல்லிய டயரும் சின்ன பிரேக்கும் 25-க்குக் கணக்குப் பார்த்து வைத்தவை. மெக்கானிக் ஒயரை வெட்டினாரே தவிர, பிரேக்கை மாற்றவில்லை. அதோடு வேகத்துக்காகப் பேட்டரியிலிருந்து கூடுதல் கரன்ட் இழுக்கும்போது ஒயரும் சூடாகும். ஏதாவது கருகல் வாடை வந்தால், வீட்டுக்குள் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிடுங்கள்.

ஹைவே. இதற்கு என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். வண்டியைப் பழையபடி 25-க்குக் கொண்டுவந்தாலும் வேண்டாம். உங்கள் ஊர்ப்பக்கம் போவது 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை. பெங்களூரிலிருந்து சேலம், மதுரை என்று போகும் லாரிகளும் பஸ்களும் ராத்திரி பகலாக ஓடும் சாலை. 80-இல் வரும் லாரிக்கு முன்னால் 25-இல் போகும் ஸ்கூட்டர், கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும் பொருள் மாதிரி. நூறு மீட்டர் பின்னால் அந்த லாரி இருக்கிறது என்றால், ஏழு நொடிக்குள் அது உங்கள் மகளைத் தொட்டுவிடும். உங்கள் கணவரிடமே கேளுங்கள், இருட்டில் முன்னால் சின்ன லைட்டோடு மெதுவாகப் போகும் வண்டியைப் பார்க்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று. நான் சொல்வதைவிட அவர் சொல்வது அவளுக்கு உறைக்கும்.

இதில் நம் பக்கத்தில் சர்வசாதாரணமாக நடக்கும் ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். அடுத்த திருப்பம் தூரமாக இருக்கிறது என்று ஹைவேயிலேயே ஓரமாக எதிர்த்திசையில் வருவது. "கொஞ்ச தூரம்தானே" என்பார்கள். போக்குவரத்துக்கு எதிராக ஓட்டுவதை ஆபத்தாக ஓட்டும் குற்றமாகவே 2019 திருத்தம் சேர்த்திருக்கிறது, சிறைத்தண்டனை வரை இடமுண்டு. சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதிலும் இடப்பக்கமாகவே போங்கள். இல்லாத இடத்தில் ஊர்வழிச் சாலையில் சுற்றிப் போங்கள், பத்து நிமிடம் கூட ஆனாலும் சரி.

ஹெல்மெட் விஷயத்தில், விலக்குப் பெற்ற மெதுவான வண்டிக்குச் சட்டத்தின் எழுத்தில் கட்டாயம் இல்லை என்று கடைக்காரர் வாதாடலாம். தார்ச்சாலைக்கு அந்த எழுத்து தெரியாது. பேட்டரி வண்டியோ பெட்ரோல் வண்டியோ, ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் ஹெல்மெட் வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூனிலிருந்து அந்த முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி தவறு. ரோட்டோரம் முந்நூறு ரூபாய்க்குத் தொங்குவது பெரும்பாலும் அந்த ரகம்தான். தாடைப் பட்டையைப் போட்டால்தான் அது ஹெல்மெட். பெட்ரோல் டேங்க் மேலேயும் கண்ணாடியிலும் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

சரி, வண்டியை என்ன செய்வது? பில், வாரன்டி அட்டை, சான்றிதழ் நகல் ஏதாவது கொடுத்திருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கடைக்குப் போய் "இந்த மாடலுக்கான சோதனை நிறுவனச் சான்றிதழைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம், யாரையாவது துணைக்கு அழைத்துப் போங்கள். சான்றிதழ் இருந்து, மோட்டாரும் 250 வாட்டுக்குள் இருந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே கன்ட்ரோலரைப் பழைய நிலைக்கு மாற்றச் சொல்லி, மாற்றியதாக எழுதி வாங்குங்கள். அதன்பின் அந்த வண்டி ஊருக்குள் பால் வாங்க, கடைக்குப் போக, உங்களுக்கு உதவும். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. மகளும் ஊருக்குள் ஓட்டலாம், ஒருவரை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிருஷ்ணகிரிக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு அது வண்டியல்ல.

சான்றிதழ் இல்லை, அல்லது மோட்டார் பெரியது என்றால், ஆர்.டி.ஓ. ஆபீசில் போய்ப் பதிவு செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தயாரித்த கம்பெனி முறையாக அனுமதி வாங்கிய மாடலாக இருந்து, அதற்கான படிவங்களைக் கொடுத்தால்தான் பதிவு நடக்கும். ஆகவே பணத்தைத் திருப்பிக் கேட்பதுதான் வழி. வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். இல்லாத சலுகையைச் சொல்லி விற்றது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிகம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடை பெங்களூரில் இருந்தாலும் சரி. வாங்கிய விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதிடலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், சில கடைகள் அதற்கே இறங்கி வரும்.

ஒன்று மட்டும் இடிக்கும். "நீங்கள்தான் வண்டியைக் கழற்றி மாற்றினீர்கள்" என்று கடைக்காரர் திருப்பிச் சொல்லுவார். மோட்டாரின் வாட் எண்ணைப் படம் எடுக்கச் சொன்னது அதனால்தான். கன்ட்ரோலரை யார் வேண்டுமானாலும் தொட்டிருக்கலாம், மோட்டார் அவர் விற்றபடியே இருக்கிறது.

பள்ளிக்கூடம் போவதற்கு உங்கள் பெண்ணுக்கு என்ன வழி என்று யோசித்தேன். மாணவர் பஸ் பாஸ் இருக்கிறது. 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு, உதவிபெறும் பள்ளிகளில் கொடுக்கும் சைக்கிள் அவளுக்கும் வந்திருந்தால், வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அது போதும். பஸ்ஸில் கூட்டம், நேரத்துக்கு வருவதில்லை, மாலையில் இருட்டிவிடுகிறது என்று அவள் சொல்வாள். அவள் சொல்வதும் நியாயம்தான். அந்தச் சிரமம் இருப்பதால்தானே நீங்கள் வண்டி வாங்கினீர்கள். ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். பஸ் நேரம் பள்ளிக்கு ஒத்துவரவில்லை என்றால் பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனு எழுத நான் உதவுகிறேன்.

அப்புறம், நீங்கள் ஏன் லைசென்ஸ் எடுக்கக் கூடாது அம்மா? கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்தால் போதும். எல்.எல்.ஆர். போட்டு முப்பது நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். நல்ல பதிவுள்ள எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் நம் மாவட்டத்திலேயே, ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும், தயாராகின்றன. அவற்றுக்குப் பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து இருக்கும். பேட்டரி வண்டிக்குப் பதிவுக் கட்டணத்தை 2021-இல் மத்திய அரசு நீக்கிவிட்டது. புகைச் சான்றிதழ் தேவையில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் பெட்ரோல் வண்டியைவிடக் குறைவு. பணம் திரும்பி வந்தால் அதோடு கொஞ்சம் சேர்த்து அப்படி ஒன்று பாருங்கள். மழை நாளிலும் பரீட்சை நாளிலும் நீங்களே அவளைக் கொண்டுபோய் விடலாம்.

கடைக்குப் போகும்முன் உங்கள் செல்போனில் ஒன்றைத் தேடுங்கள். வண்டி வாங்கும்போது கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் விளம்பரமோ, "லைசென்ஸ் தேவையில்லை" என்ற குரல் பதிவோ வந்திருக்கும். அதை அழிக்காதீர்கள். கணவர் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். கடைக்காரரிடம் பேசும்வரை அதைப் பற்றி மூச்சுவிட வேண்டாம்.